‘கண்ணாடிக் குழாய் விற்பதில் என்ன குற்றம்?’ – கிரீன் கார்டில் இருக்கும் ஒரு வாசகருக்குப் பதில்

ஹூஸ்டன் பக்கம் வசிக்கும் ஒரு வாசகரின் கடிதம் இது. ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். வயது 42. எச்-1பி விசாவில் வந்து பதினாறு வருஷம் மென்பொருள் வேலை. கிரீன் கார்டு கைக்கு வந்து நான்கு வருஷம் முடிந்திருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் வேலை போனது. மனைவி மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறார். அவரும் கிரீன் கார்டுதான். மனைவியின் அண்ணன் அமெரிக்கக் குடிமகன், இரண்டு கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறார். அவர்தான் ஒரு கடை விலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். 1979-லிருந்து ஒரே இடத்தில் நடக்கும் ஹெட் ஷாப், அதாவது புகைக்கும் குழாய், பேப்பர் மாதிரிச் சாமான்களை விற்கும் கடை. உரிமையாளருக்கு 74 வயது, ஓய்வு பெறப் போகிறார். ஆளுக்குப் பாதி பணம் போட்டு வாங்குவது திட்டம். 10,000 டாலர் முன்பணம் கொடுத்தாயிற்று. கணக்கு வழக்குகளைச் சரிபார்க்க 45 நாள் அவகாசம். அதில் இரண்டு வாரம் போய்விட்டது.

“கடையில் ஒரு கிராம் கஞ்சாகூடக் கிடையாது. கண்ணாடிக் குழாய், ரோலிங் பேப்பர், கிரைண்டர், ஊதுபத்தி, கொஞ்சம் வேப் (மின்சிகரெட்), கொஞ்சம் ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா வகை) மிட்டாய், அவ்வளவுதான். ‘புகையிலைக்கு மட்டும்’ என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. 45 வருஷமாகப் போலீஸ் எட்டிப் பார்த்ததில்லை. வெறும் கண்ணாடியை விற்பது எப்படிக் குற்றமாகும்? பயமென்றால் கடையை மனைவி பெயரில் வாங்கலாமா? பிரோசாபாத்திலிருந்து நேரடியாகக் கண்ணாடி இறக்குமதி செய்து ஆன்லைனில் விற்கவும் ஆசை. மதுரையில் இருக்கும் அப்பாவிடம் ‘கண்ணாடிச் சாமான் கடை’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்” என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

வேலை போய் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கனமான விஷயம் என்று உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. சொந்தமாக ஒரு கடை வைத்து நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. ஆனால் இந்தக் கடையை, இந்த நேரத்தில், நீங்கள் வாங்க வேண்டாம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

வாங்கப் போகும் தொழிலின் பூர்வீகம் தெரியாமல் அதன் ஆபத்து புரியாது. 1966 ஜனவரி 3 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட் தெருவில் ரான் தெலின், ஜே தெலின் என்ற சகோதரர்கள் ‘சைக்கடெலிக் ஷாப்’ என்று ஒரு கடையைத் திறந்தார்கள். புத்தகம், இசைத்தட்டு, போஸ்டர், ஊதுபத்தி எல்லாம் இருந்தன. போதையில் ஈடுபாடு உள்ளவர்களை அன்று ‘ஹெட்’ என்பார்கள். அதிலிருந்துதான் ‘ஹெட் ஷாப்’ என்ற பெயர் நிலைத்தது. அந்தக் கடை 1967 அக்டோபரிலேயே மூடப்பட்டது. ஆனால் எழுபதுகளில் அதே மாதிரிக் கடைகள் நாடு முழுக்கப் பெருகின. பெற்றோர்கள் கொதித்தார்கள். 1979-இல் போதைத் தடுப்புத் துறையான டிஇஏ ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதிக் கொடுத்தது, மாநிலங்கள் அதை வரிசையாக எடுத்துக்கொண்டன. நீங்கள் பார்த்திருக்கும் கடை திறந்த அதே வருஷம்! 1982-இல் இல்லினாயில் ஒரு ஊரின் உரிமக் கட்டுப்பாட்டை ‘ஃபிளிப்சைட்’ என்ற கடை எதிர்த்து வழக்காடியது. உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. 1986-இல் ஃபெடரல் சட்டமே, அதாவது நாடு முழுமைக்குமான சட்டமே வந்தது.

இன்றைக்கு 863-ஆம் பிரிவாக இருக்கும் அந்தச் சட்டம், போதைப்பொருளுக்காகவே ‘முதன்மையாக உத்தேசிக்கப்பட்ட அல்லது வடிவமைக்கப்பட்ட’ சாமான்களை விற்பதையும், தபாலில் அனுப்புவதையும், இறக்குமதி செய்வதையும் குற்றமாக்குகிறது. மூன்று வருஷம் வரை சிறை. சாமான்களின் பட்டியலும் சட்டத்திலேயே இருக்கிறது. நீர்க்குழாய், பாங் (கஞ்சா புகைக்கும் நீர்க்குழாய்), ரோச் கிளிப் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘சிலும்’ என்ற சொல்லும் வருகிறது. நம் ஊர்ச் சாமியார்கள் கையில் பார்த்த அதே சிலும்பிதான்.

‘வெறும் கண்ணாடிதானே?’

உங்கள் முதல் கேள்வி இது. கண்ணாடி ஊதுவது உண்மையிலேயே ஒரு கலை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாப் ஸ்னாட்கிராஸ் என்ற ஓரிகன் கலைஞர் வெள்ளிப் புகையையும் தங்கப் புகையையும் கண்ணாடியில் படிய வைத்து, உபயோகிக்க உபயோகிக்க நிறம் மாறித் தெரியும் குழாய்களைச் செய்தார். இன்று அந்த வழியில் வந்தவர்களின் வேலைகள் கலைக்கூடங்களில் விற்கின்றன. ஆனால் சட்டம் பொருளின் அழகைப் பார்ப்பதில்லை. அது எதற்காகப் பயன்படும் என்பதைப் பார்க்கிறது.

‘புகையிலைக்கு மட்டும்’ என்ற பலகையைப் பெரிய கவசமாக நினைத்திருக்கிறீர்கள். அது ஒரு சாட்சியம், அவ்வளவுதான். 1994-இல் ‘போஸ்டர்ஸ் அண்ட் திங்ஸ்’ என்ற அயோவா கடை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: விற்பவர் தன் மனசுக்குள் என்ன நினைத்தார் என்பது கேள்வி இல்லை. அந்தப் பொருள் பெரும்பாலும் எதற்குப் போகும் என்பதும், அது விற்பவருக்குத் தெரியுமா என்பதும்தான் கேள்வி. அதை எடைபோடக் கடையில் பொருளை அடுக்கியிருக்கும் விதம், விளம்பரம், கூடவே கொடுக்கும் செய்முறைக் குறிப்பு, மொத்த வியாபாரத்தில் அதன் பங்கு, புகையிலை விற்க முறையான உரிமம் உண்டா என்பதையெல்லாம் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. வாசலில் ‘புகையிலைக்கு மட்டும்’ என்று எழுதிவிட்டு, உள்ளே கஞ்சா இலை படம் போட்ட டி-ஷர்ட்டைத் தொங்கவிட்டால் எதை நம்புவார்கள்?

கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. யாராவது ‘பாங்’ என்று கேட்டால் வெளியே அனுப்பிவிட வேண்டும், ‘வாட்டர் பைப்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று கடை உரிமையாளரான பெரியவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். இந்தத் தொழிலில் பழைய வழக்கம் அது. டெக்சஸ் சட்டப்படி, வாங்குபவர் போதைக்காகத்தான் வாங்குகிறார் என்று தெரிந்தே விற்றிருக்க வேண்டும். அதனால்தான் இந்த வாய்க்கட்டு. ஆனால் ஒரு அரசு வழக்கறிஞர் இதையே திருப்பிக் கேட்பார்: “புகையிலைக்குத்தான் என்றால், அந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பயம்?”

ரோலிங் பேப்பர், மரக் குழாய் மாதிரி காலங்காலமாகப் புகையிலைக்கு இருப்பவற்றுக்கு ஃபெடரல் சட்டத்தில் விலக்கு உண்டு. மாநிலச் சட்டமே அனுமதித்த ஆட்களுக்கும் விலக்கு உண்டு. கொலராடோவிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் கடைக்காரர் இந்த இரண்டாவது விலக்கைக் கையில் எடுக்கலாம். நீங்கள் இருப்பது டெக்சஸில். இங்கே இந்தச் சாமான்களை விற்பது முதல் தடவையிலேயே ‘கிளாஸ் ஏ’ குற்றம்: ஒரு வருஷம் வரை கவுண்டி சிறை, 4,000 டாலர் வரை அபராதம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்றால் அது ஃபெலனியாகவே, அதாவது பெருங்குற்றமாகவே ஆகலாம்.

பெரியவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம்

45 வருஷம் போலீஸ் வரவில்லை என்பதை நம்புகிறேன். நடைமுறையில் இந்தக் குற்றத்துக்காகக் கடைகளைத் துரத்துவது குறைவுதான். ஆனால் அந்தப் பெரியவர் குடிமகன். என்றாவது மாட்டியிருந்தால் அபராதம் கட்டிவிட்டு மறுநாள் கடை திறந்திருப்பார். அதே வழக்கு உங்கள் மேல் விழுந்தால் நீங்கள் இமிகிரேஷன் நீதிபதி முன்னால் நிற்க வேண்டியிருக்கும். போதைப்பொருள் தொடர்பான எந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றாலும் கிரீன் கார்டு உள்ளவரை நாடு கடத்தலாம். முப்பது கிராமுக்கு உட்பட்ட கஞ்சாவைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஒரே ஒரு சம்பவத்துக்கு விலக்கு இருக்கிறது. விற்றவருக்கு அந்த விலக்கு இல்லை.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. டெக்சஸில் சின்னக் குற்றங்களுக்கு ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ என்று ஒரு வழி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில மாதம் கண்காணிப்பில் இருந்துவிட்டால், தீர்ப்பு எழுதாமலே வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். “ரெகார்டில் தண்டனை என்றே வராது” என்று வக்கீல் சொல்வார். மாநிலச் சட்டத்துக்கு அது சரி. இமிகிரேஷன் சட்டத்துக்கு அதுவும் தண்டனைதான். ஒப்புக்கொண்டதும், நீதிமன்றம் ஏதோ ஒரு கட்டுப்பாடு விதித்ததும் போதும். வழக்கு தள்ளுபடியாகிப் பல வருஷம் கழித்து, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்காக நான் வாதாடியிருக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் இமிகிரேஷனில் என்ன ஆகும் என்று கிரிமினல் வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் பதில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் எல்லாரும் சொல்வதில்லை.

இணையத்தில் தேடினால் மெலூலி வழக்கு கண்ணில் படும், தைரியமும் வரும். அதனால் நானே சொல்கிறேன். மூன்ஸ் மெலூலி, துனீசியாவிலிருந்து வந்து கிரீன் கார்டு வாங்கியவர். கான்ஸாஸில் கைதானபோது அவர் காலுறைக்குள் நான்கு அடரால் (கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும், கட்டுப்பாடுள்ள மருந்து) மாத்திரைகள் இருந்தன. அந்தக் காலுறைதான் ‘போதைச் சாமான்’ என்று வழக்குப் போட்டார்கள், அவரும் ஒப்புக்கொண்டார். 2012-இல் நாடு கடத்தப்பட்டார். 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அது தவறு என்றது: அந்தச் சாமான், ஃபெடரல் பட்டியலில் உள்ள ஒரு போதைப்பொருளோடு தொடர்புள்ளது என்று காட்ட வேண்டும், கான்ஸாஸ் வழக்கில் அது காட்டப்படவில்லை. ஜெயித்தார், சரி. ஆனால் அந்த மூன்று வருஷமும் அவர் நாட்டுக்கு வெளியே. உங்கள் கடையில் கேள்விக்குரிய பொருள் கஞ்சா. அது ஃபெடரல் பட்டியலில் இருக்கும் பொருள். அவர் தப்பித்த வழி உங்களுக்குத் திறக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

கவலைப்பட வேண்டிய அலமாரி வேறு

கடிதத்தில் கண்ணாடிக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, ‘கொஞ்சம் வேப், கொஞ்சம் ஹெம்ப் மிட்டாய்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதிகப் பயம் அங்கேதான்.

சட்டப்படி கஞ்சா விற்கும் மாநிலங்களில் டிஸ்பென்சரிகள் என்ற உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளே பேப்பரையும் குழாயையும் விற்க ஆரம்பித்துவிட்டன. மீதியை ஆன்லைன் எடுத்துக்கொண்டது. பழைய ஹெட் ஷாப்கள் வேப், கிராட்டம் என்ற மூலிகைத் தூள், கஞ்சாச் செடியின் போதை தராத பொருளான சிபிடி என்று நகர்ந்தன. 2018 டிசம்பரில் வந்த விவசாயச் சட்டம், கஞ்சாவில் போதை தரும் பொருளான டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியை ‘ஹெம்ப்’ என்று பிரித்து விடுவித்தது. அந்தக் கதவு வழியாக, டிஎச்சியின் இன்னொரு வகையான டெல்டா-8 கலந்த மிட்டாயும், சூடு பட்டால் டிஎச்சியாக மாறும் டிஎச்சிஏ பூவும் கடைகளுக்குள் வந்தன. இன்று பல கடைகளின் வாடகையைக் கட்டுவது கண்ணாடி அல்ல, இவைதான். உங்களுக்குக் காட்டிய லாபக் கணக்கைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் இந்த அலமாரியிலிருந்து வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

அந்த வருமானம் நிற்கும் தரை இப்போது நகர்கிறது. டெக்சஸில் 2025 செப்டம்பர் 1 முதல் கன்னாபினாய்டு (டிஎச்சி, சிபிடி போன்ற கஞ்சாச் செடிப் பொருள்கள்) கலந்த வேப்களை விற்பதே ‘கிளாஸ் ஏ’ குற்றம். ஃபெடரல் அளவில் 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான சட்டம் ஹெம்ப்பின் வரையறையையே மாற்றிவிட்டது: ஒரு டப்பாவுக்கு மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராம்தான், நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம். இப்போது விற்கும் மிட்டாய்களில் பெரும்பாலானவை அந்த அளவைப் பலமடங்கு தாண்டும். பெரியவர் ஏன் இப்போது விற்கிறார் என்பதற்கு வயது மட்டும்தான் காரணமா என்று நிதானமாக யோசியுங்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய வருமானத்தை வைத்துக் கடைக்கு விலை போட்டிருந்தால், இனி வராத வருமானத்துக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

ஆய்வகச் சோதனையில் ஒரு பாக்கெட் வரம்பைத் தாண்டினால் அது ஹெம்ப் இல்லை, கஞ்சா. அப்போது வழக்கு சாமான் விற்றதற்கு அல்ல, போதைப்பொருள் விற்றதற்கு. அது இமிகிரேஷன் சட்டத்தில் ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்ற மிகக் கடுமையான வகைக்குள் விழக்கூடும். விழுந்தால் கருணை கேட்கும் வழிகள் அநேகமாக எல்லாமே அடைபடும். தண்டனையே இல்லாமலும், போதைப்பொருள் கடத்துபவர் என்று ‘நம்பக் காரணம் இருக்கிறது’ என்பதை வைத்து நாட்டுக்குள் அனுமதி மறுக்கவும் அதிகாரிகளுக்கு இடம் இருக்கிறது.

மனைவி பெயரில் வாங்கினால்?

தயவுசெய்து வேண்டாம். அவரும் கிரீன் கார்டுதான். ஆபத்து உங்களிடமிருந்து அவருக்கு நகரும், அவ்வளவுதான். லேப் வேலையில் உரிமமும் பின்னணிச் சோதனையும் உண்டு, அவருக்கு இழக்க இன்னும் அதிகம். மைத்துனர் பெயரில் வாங்கிவிட்டு நீங்கள் பணம் மட்டும் போடுவது, சம்பளம் இல்லாமல் கல்லாவில் உட்காருவது போன்ற யோசனைகளும் வரும். என்ன கடை என்று தெரிந்தே பணம் கொடுப்பதும், கல்லாவில் நின்று விற்பதும் உங்களைக் குற்றத்துக்கு வெளியே வைக்காது. எல்எல்சி என்று தனி நிறுவனமாகப் பதிவு செய்வது கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றும். கையால் எடுத்து விற்றவரைக் கிரிமினல் வழக்கிலிருந்து காப்பாற்றாது.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, ஐந்தாண்டு நிறைவுக்கு 90 நாள் முன்பே குடியுரிமை விண்ணப்பப் படிவமான என்-400 கொடுக்கலாம். அந்தப் படிவம் கைதானதை மட்டும் கேட்பதில்லை. மாட்டிக்கொள்ளாத குற்றத்தையும் கேட்கிறது. 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை ஒரு அறிவிப்பு வெளியிட்டது: மாநிலச் சட்டப்படி நடக்கும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்திருந்தாலும் ‘நன்னடத்தை’ இல்லை என்று விண்ணப்பத்தை மறுக்கலாம் என்று. உறுதிமொழி எடுக்கும் நாள் வரை இந்தக் கேள்வி உயிரோடு இருக்கும்.

ஆன்லைனும் பிரோசாபாத்தும்

இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. 2003 பிப்ரவரியில் ‘ஆபரேஷன் பைப் ட்ரீம்ஸ்’ என்ற பெயரில் 55 பேர் மேல் வழக்குப் பாய்ந்தது. அதில் நகைச்சுவை நடிகர் டாமி சோங்கும் ஒருவர். அவர் குடும்பத்தின் கண்ணாடிக் கம்பெனி கலிஃபோர்னியாவில் இருந்தது. பென்சில்வேனியாவில் கடைக்காரர் போல நடித்த ஃபெடரல் அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்சல் வரவழைத்தார்கள். ஒன்பது மாதம் சிறை, 20,000 டாலர் அபராதம். சோங் கனடாவில் பிறந்தவர். வழக்கு வரும் முன்பே அமெரிக்கக் குடிமகனாகியிருந்தார். அதனால் சிறையிலிருந்து வீட்டுக்குத்தான் போனார்.

இறக்குமதியில் சுங்கத் துறை இந்தச் சாமான்களைப் பறிமுதல் செய்ய முடியும். 2022-இல் ஒரு நிறுவனம் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஆனால் வாஷிங்டன் மாநிலச் சட்டம் அனுமதித்ததால்தான் ஜெயித்தது; டெக்சஸ் துறைமுகத்தில் அந்த வாதம் நிற்காது. வேப் கருவிகளைச் சாதாரண வாடிக்கையாளருக்குத் தபாலில் அனுப்புவதை 2021 அக்டோபரிலேயே தபால் துறை தடுத்துவிட்டது.

இப்போது என்ன செய்யலாம்

கடைத்தொழில்தான் வேண்டுமென்றால், குடியுரிமை வரும்வரை இந்தப் பொருள்கள் எதுவும் இல்லாத கடையைப் பாருங்கள். மைத்துனரின் கேஸ் ஸ்டேஷன்களில் ஒன்றில் பங்கு கேட்பது எனக்கு இன்னும் நல்ல யோசனையாகப் படுகிறது. ஆனால் அங்கும் கல்லாப் பக்கம் டெல்டா-8 மிட்டாய், ரோஜாப்பூ வைத்த சின்னக் கண்ணாடிக் குழல் (போதைப்பொருள் புகைக்கப் பயன்படுவது) எல்லாம் தொங்குகிறதா என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். தொங்கினால் எடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பங்கு பேசுங்கள்.

மைத்துனர் தனியாக வாங்க விரும்பினால் அது அவர் முடிவு. அவருக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். கம்பெனியை வாங்காமல் சரக்கையும் பெயரையும் மட்டும் வாங்கட்டும். மாநில வரி வசூலிக்கும் டெக்சஸ் கம்ப்ட்ரோலரிடமிருந்து ‘வரி பாக்கி இல்லை’ என்ற சான்றிதழை விற்பவர் வாங்கித் தராவிட்டால் பழைய விற்பனை வரி பாக்கி வாங்கியவர் தலையில் விழும். அப்புறம், வாடகை ஒப்பந்தத்தில் ‘எல்லா ஃபெடரல் சட்டத்துக்கும் உட்பட்டு’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் கட்டட உரிமையாளர் நினைத்த நேரத்தில் காலி செய்யச் சொல்ல அது போதும்.

நீங்கள் ஏற்கெனவே சில நாள் கல்லாவில் நின்று ‘தொழில் பழகியதாக’ எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். யாராவது அதிகாரி அதுபற்றிக் கேட்டால், இமிகிரேஷன் வக்கீல் பக்கத்தில் இல்லாமல் பதில் சொல்ல வேண்டாம். என்-400 நிரப்பும் முன் அந்த நாட்களைப் பற்றி அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். எந்தக் கேள்விக்கு எப்படி உண்மையைச் சொல்வது என்று அவர் வழிகாட்டுவார்.

முன்பணம் பற்றி: 45 நாள் அவகாசத்துக்குள் எழுத்துமூலம் விலகினால் பணம் திரும்ப வரும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். தொலைபேசியில் சொல்வது போதாது. ஒப்பந்தத்தில் என்ன முகவரி, என்ன முறை போட்டிருக்கிறதோ அப்படியே, கையெழுத்திட்ட கடிதமாக, இந்த வாரமே அனுப்புங்கள். காரணமாக ‘ஆவணங்களைப் பார்த்ததில் திருப்தி இல்லை’ என்ற ஒரு வரி போதும். கஞ்சா, போதை, இமிகிரேஷன் என்ற சொற்கள் அதில் வேண்டாம். கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் கிரீன் கார்டு கோப்பிலேயே வையுங்கள்.